வாக்னரைக் கேட்கும்போது

ரிச்சர்ட் வாக்னரின் 'டிரிஸ்டனும் இஸோல்டேயும்' ஓபராவின் தொடக்கத்திலேயே வரும் அந்தச் சுரக்கூட்டு இன்றும் என்னை ஆட்டிவைக்கிறது. எங்கோ போய்ச் சேரத் துடிக்கும் ஒலி. அதைச் சேரவிடாமல் அடுத்த ஏக்கத்துக்கு இழுத்துப் போகிறார். ஏறக்குறைய நான்கு மணி நேரம் தவித்தபின், ஓபராவின் கடைசியில்தான் அது அடங்குகிறது.

இதைப் படைத்தவர்தான் 1850இல் புனைபெயரில் 'இசையில் யூதத்துவம்' என்ற கட்டுரையையும் எழுதினார். யூதர்களால் உண்மையான இசையைப் படைக்க முடியாது என்பது அதன் வாதம். ஏதோ கோபத்தில் கொட்டிய வார்த்தை என்று தள்ளவும் வழியில்லை. 1869இல் சொந்தப் பெயரிலேயே, இன்னும் விரித்து வெளியிட்டார். அதில் பெயர் சொல்லாமல் தாக்கப்பட்ட யூத இசையமைப்பாளர் மெயர்பேர், பாரிஸில் வாக்னர் காசில்லாமல் அலைந்தபோது கைகொடுத்தவர். வாக்னரின் 'ரியென்ட்ஸி' ஓபரா டிரெஸ்டனில் மேடையேறப் பரிந்துரைத்தவர். செய்ந்நன்றி கொன்றவருக்கு வள்ளுவர் தப்பிக்க வழியே வைக்கவில்லை.

கலை வேறு, கலைஞர் வேறு என்று கச்சேரி முடிந்து காபி குடிக்கும்போது எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு வாக்னரைக் கேட்கும் எனக்கு அதைச் சொல்வதில் எந்த இழப்பும் இல்லை. அந்த வெறுப்பு என் வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. ஹெர்மன் லெவிக்கு வந்தது. யூத மதகுரு ஒருவரின் மகனான அவர்தான் 1882இல் பைராய்த்தில் 'பார்ஸிஃபல்' முதன்முதலாக அரங்கேறியபோது வாத்தியக் குழுவை நடத்தினார். அவரை ஞானஸ்நானம் பெறச் சொல்லி வற்புறுத்தியவர் வாக்னர். அடுத்த ஆண்டு வாக்னர் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் லெவியும் ஒருவர். அந்த மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று என்னால் அளக்க முடியவில்லை. அவர் அந்த இசையை நேசித்தார் என்பது மட்டும் தெரிகிறது.

1938 நவம்பரில் நாஜி ஜெர்மனியில் யூதர்களின் கடைகள் நொறுக்கப்பட்டன, தொழுகைக் கூடங்கள் எரிந்தன. உடனே யூதக் கலைஞர்களின் பாலஸ்தீன வாத்தியக் குழு வாக்னரின் இசையை வாசிப்பதை நிறுத்தியது. பின்னாளில் இஸ்ரேலிலும் அந்த விலக்கம் எழுதாத சட்டமாகத் தொடர்ந்தது. 1981இல் டெல் அவிவில் நம் மும்பைக்காரரான இசை நடத்துநர் சுபின் மேத்தா வாக்னரை வாசிக்க முயன்றபோது அரங்கம் கொதித்தது.

2001 ஜூலையில் ஜெருசலேமில் இன்னொரு நடத்துநரான டேனியல் பாரன்பாய்ம் வேறு வழியில் போனார். அறிவித்த நிகழ்ச்சி முடிந்தபின் ரசிகர்கள் பக்கம் திரும்பி, "வாக்னரைக் கேட்க விருப்பமா?" என்று அவர்களிடமே கேட்டார். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. சிலர் திட்டிவிட்டு, கதவை அறைந்துகொண்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் இருந்தார்கள். 'டிரிஸ்டன்' முன்னிசை ஒலித்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இசையைவிட அந்த அரை மணி நேரத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அடிபட்டவர்களிடம் முதலில் கேட்டாரே! இருந்து கேட்டவர்களின் முடிவு எனக்குப் புரிகிறது, நானும் இருந்திருப்பேன். ஆனால் எழுந்து போனவர்களைப் பார்த்து, கலையைப் பிரித்து ரசிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.