பாட்டு நம்மது, பதிவு யாருது?

நாட்டுப்புறப் பாட்டு என்று ஒரு சொல் இருக்கிறது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனா அதுக்கு அர்த்தம், இந்தப் பாட்டைக் கட்டினவன் யாருன்னு கேக்க வேண்டியதில்ல என்பதுதான். சேரியில் ஒருத்தன் ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுக் கட்டின மெட்டு, விடிஞ்சா 'மரபு' ஆயிடும். மரபுன்னு ஆயிட்டா யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். சினிமாக்காரன் எடுப்பான், ஆராய்ச்சிக்காரன் எடுப்பான். கட்டினவன் பேரு மட்டும் எங்கேயும் இருக்காது.

என் அப்பா வடசென்னையில் கானா பாடினவர். பகலில் மூட்டை தூக்குவார். சாவு விழுந்த வீட்டில் ராத்திரி பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைப்பேன், ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே தேதி போட்டு. 1996-ல் ஒரு கேசட்டுக் கம்பெனிக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஒரே நாளில் எட்டுப் பாட்டு. கையில 600 ரூபாய். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டின சீட்டில் கைநாட்டு. கேசட் அட்டையில் அப்பா பேரு இல்ல. 'கானா பாடல்கள்' என்று மட்டும் போட்டிருந்தது.

இப்ப அண்ணன் மகன் பாடறான். அவன் காலம் வேற. 2016-க்குப் பிறகு நெட்டு மலிவாச்சு. கையில இருக்கிற போனே ஸ்டுடியோ, யூடியூப்பே மேடை. சபாக்காரன் அழைப்பு அவனுக்குத் தேவையில்ல. திருவிழா மேடையில ஏத்த மாட்டோம்னு சொல்ற ஊர்க்காரன் அனுமதியும் தேவையில்ல. இது சின்ன விசயம் இல்ல தோழர்களே.

ஆனா போன் தானாகக் கூட்டம் சேர்த்துக் கொடுக்காது. ஜலந்தரில் கின்னி மாஹி ரவிதாஸ் விழாக்களிலும் அம்பேத்கர் விழாக்களிலும் பாடிப் பாடித்தான் வளர்ந்தார். அந்த வீடியோக்கள் பரவி 2016 வாக்கில் நாடு முழுக்கத் தெரிய வந்தார். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் தடவை மேடை ஏறியபோது எதிரே உட்கார்ந்திருந்தது நம்ம சனம்தான். நம்ம பாட்டுக்காரங்களுக்குக் கூட்டம் தெருவிலிருந்துதான் போனுக்குப் போச்சு.

சரி, கூட்டம் சேர்ந்தா சோறு வந்துடுமா? யூடியூப்பில் விளம்பரக் காசு வரணும்னா 1000 சந்தாதாரர் வேணும்; 12 மாசத்துல 4000 மணி நேரம் சனம் பார்த்திருக்கணும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாசத்தில் 1000 தடவையாவது கேக்காத பாட்டுக்குக் காசே கிடையாது. வாசல் திறந்துதான் இருக்கு. படிதான் உயரம்.

அந்தப் படியை அண்ணன் மகன் ஒருவழியா ஏறினான். அப்புறம்தான் தாத்தா பாட்டு ஒன்றைப் பாடி ஏத்தினான். ஆரம்பத்துல பழைய கேசட்டிலிருந்து இருபது நொடி தாத்தா குரலைச் சேர்த்திருந்தான். உடனே அறிவிப்பு வந்தது: இந்த ஒலி வேறொருவருக்குச் சொந்தம், வருகிற காசு அவர்களுக்கு.

"அத்தே, இது நம்ம தாத்தா கொரலு. அவுங்க யாரு அத்தே?" என்று கேட்டான்.

யூடியூப்பில் கன்டென்ட் ஐ.டி. என்று ஒரு ஏற்பாடு. பதிவைக் கொடுத்து வைத்தவர்கள் பேரில் அந்த ஒலியின் கைரேகை இருக்கும். யார் எங்கே ஏத்தினாலும் மெஷின் ஒப்பிட்டுப் பிடித்துவிடும். மெஷினுக்கு அப்பன் தெரியாது, பேரன் தெரியாது. யார் பதிஞ்சு வச்சாங்க என்பதுதான் தெரியும்.

வக்கீல் தோழர் ஒருவர் சொன்னபிறகுதான் எனக்கு விளங்கியது. பாட்டு வேற, பதிவு வேற. 1957-ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு அதைத் தயாரிச்சவனுக்குச் சொந்தம், 60 வருசத்துக்கு. 1996-ல் வந்த கேசட்டு 2056 வரைக்கும் அவங்களுது. ஆனா பாட்டு, அதாவது சொல்லும் மெட்டும், கட்டினவனுக்குச் சொந்தம். அவன் செத்த பிறகும் 60 வருசம் வாரிசுக்கு உண்டு. எழுத்தில் மாத்திக் கொடுத்தால்தான் அது கை மாறும். எத்தனை வருசத்துக்குன்னு எழுதலேன்னா அதுவும் 5 வருசம்தான். அப்பா கைநாட்டு வைத்த சீட்டில் பணம் பெற்றேன் என்பதைத் தவிர ஒரு வரி இல்ல. கேசட்டுக்காகக் கட்டின பாட்டும் இல்ல அது. என் நோட்டில் 1989 என்று தேதி இருக்கு.

அப்பா குரல் அவங்ககிட்ட. அப்பா பாட்டு எங்ககிட்ட. பையன் அந்த இருபது நொடியை வெட்டிட்டு மறுபடி ஏத்தினான். பாடல், இசை என்கிற இடத்தில் தாத்தா பேரைப் போட்டான். அப்பா செத்துப் பல வருசம் கழிச்சு அவர் பேரு முதல் தடவையாக அவர் பாட்டுக்குப் பக்கத்தில் வந்தது.

பேரு தெரிஞ்சவங்களுக்கும் இதே கதைதான். 2021-ல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யில் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை வைத்துத்தான் எழுதினார். உலகமே பாடுச்சு. அதே வருசம் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்டார். 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சுயாதீனக் கலைஞர்களுக்கென்றே தொடங்கின தளத்தில் வெளியான பாட்டு அது. கோடிக்கணக்கான பார்வை ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம். காசு காகிதத்தின் பின்னால்தான் போகும்.

ஆகவே பாடுகிற தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன். ஏத்தும்போது எழுதியவர் யார் என்று ஒரு கட்டம் வரும். அதில் 'மரபு' என்று போடாதீங்க. தபேலா வாசிச்சவன், சட்டி அடிச்சவன் எல்லாருக்கும் எத்தனை பங்குன்னு பதிவுக்கு முன்னாலேயே எழுதி வையுங்க. எழுதுறவங்களும் மெட்டுப் போடுறவங்களும் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் சேருங்க. ராயல்டியில் அவங்க பங்கைக் கைகழுவ வைக்க முடியாதுன்னு 2012-ல் சட்டத்தையே திருத்தியிருக்காங்க. காகிதம் நீட்டினால் படிச்சவங்க ஒருத்தர்கிட்டக் காட்டாம கையெழுத்துப் போடாதீங்க.

மாணவர்களே, உங்க தெருவில் ஒப்பாரி வைக்கிற ஆயா ஒருத்தி இருப்பாள். போனை நீட்டுறதுக்கு முன்னாடி, இது நீ கட்டினதா ஆயா, உன் பேரு என்னான்னு கேளுங்க. தேதி போட்டு எழுதி வையுங்க.