சித்திரை வெயிலும் பனிச்சரிவும்

பனிச்சரிவு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 2016 பிப்ரவரி, சியாச்சின். மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் புதைந்துபோனார்கள். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கடுங்குளிரில் நடந்த துயரம் என்றே அது மனதில் பதிந்துவிட்டது. குளிர் விலகினால் மலையும் சாதுவாகிவிடும் என்ற நினைப்பில், பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மணாலிக்கும் சிக்கிமுக்கும் கிளம்புகிறோம். மேலே உயரத்தில் பனி தன் பிடியை விடத் தொடங்குவதும் அதே மாதங்களில்தான்.

மணாலிக்கு மேலே, அடல் சுரங்கப்பாதையின் தென்வாசலுக்குப் பக்கத்தில் துந்தி என்று ஓர் இடம். பியாஸ் குண்டு ஏரிக்கு நடந்து போகிறவர்கள் அங்கிருந்துதான் புறப்படுவார்கள். ஒரு மே மாத விடியலில் நாங்கள் டார்ச்சும் கையுமாகத் தயாராக நின்றோம். உள்ளூர் வழிகாட்டி கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி நட்சத்திரம் தெரிஞ்சுதா, சார்?" தெரியவில்லை. இரவு முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. அவர் நாலடி நடந்து பனியில் காலை ஊன்றினார். முழங்கால் வரை இறங்கியது. "இன்னிக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டார். அவ்வளவு தூரம் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் பதில் பேசவில்லை.

அந்தக் கேள்விக்குள் வசந்தகாலப் பனியின் மொத்தக் கணக்கும் இருக்கிறது. வானம் தெளிந்த இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். காற்று பூஜ்யம் டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால்கூட மேற்பரப்பு உறைந்து இறுகும். விடியற்காலையில் அதன் மேல் தைரியமாக நடக்கலாம். மேகம் மூடிய இரவில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. முந்தின நாள் உருகியது அப்படியே ஈரமாகக் கிடக்கும். அதன் மேல் மறுநாள் வெயிலும் ஏறினால், உருகிய நீர் பனித்துகள்களுக்கிடையே ஊறி இறங்கி, அவற்றைப் பிணைத்திருந்த கட்டை அவிழ்க்கிறது. உள்ளே எங்காவது பழைய கெட்டியான அடுக்கு இருந்தால் நீர் அதன் மேல் தேங்கும். மேலே கிடக்கும் மொத்தப் பனிக்கும் அது வழுக்குத் தளமாகிவிடும். புழுதிக்காற்று கொண்டுவந்து படியவைத்த அழுக்கு, பனியை இன்னும் வேகமாகச் சூடாக்கும். புதுப்பனி வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அழுக்குப் பனி அதை விழுங்கிக்கொள்ளும்.

சரிவுகளுக்கும் நேரம் உண்டு. கிழக்குப் பார்த்தவை காலையிலேயே இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளே அதிகம் ஏமாற்றுகின்றன; ஏறக்கூடியவை போலத்தான் தெரியும். பாறையடியிலிருந்து சிறு பனியுருண்டைகள் தானாக உருண்டு வந்தால் கிளம்ப வேண்டிய நேரம் கடந்துகொண்டிருக்கிறது. முகட்டு விளிம்பில் கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பனியும் இந்த மாதங்களில் ஒடிந்து விழும்.

ஈரப்பனியின் சரிவு, குளிர்காலத்துப் பொடிப்பனி அளவுக்கு வேகமாக வராது. ஆனால் அதன் எடை வேறு. வந்து நின்ற பனி ஒரு கனமீட்டர் அரை டன்னும் அதற்கு மேலும் இருக்கலாம். நின்றதும் சிமென்ட்போல இறுகிவிடும். கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. மலையேறுபவர்கள் சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றையும் சுமப்பது இதற்காகத்தான். செல்ஃபி எடுக்க வண்டியிலிருந்து இறங்கும் குடும்பத்திடம் இவற்றில் ஒன்றும் இருக்காது.

2023 ஏப்ரல் 4, நண்பகலை ஒட்டிய நேரம். காங்டாக்கிலிருந்து நாதுலா போகும் சாலையில் பனி சரிந்து சுற்றுலாப் பயணிகள் 7 பேர் இறந்தார்கள். அன்று அனுமதி 13ஆம் மைல் வரைதான். அதைத் தாண்டிப் போன இடத்தில் அது நடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அனுமதியை அங்கேயே நிறுத்தியவருக்குத் தெரிந்தது, பனியை முதன்முதலாகப் பார்க்கும் ஆசையில் வந்தவருக்குத் தெரியாது. அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் அதைத் தூண்டி வண்டியை மேலே ஓட்டுகிறவர்களும், ஓட்டச் சொல்லி மன்றாடுகிறவர்களும் செய்வது பெரும் தவறு.

பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. இமயப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படும் முன் அதைப் பாருங்கள். பனிச்சரிவு வழிகளைக் குறுக்கே கடந்துதான் கேதார்நாத் பாதையே போகிறது. கோயில் திறந்த முதல் வாரங்களில் போகும் பெரியவர்களிடம், அந்த இடங்களில் நின்று படமெடுக்க வேண்டாம், காலையிலேயே கடந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். வழிகாட்டியோ காவலரோ இன்று வேண்டாம் என்றால், இன்னும் கொஞ்சம் பணம் தருகிறேன் என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.