விருந்தினர் சென்ற பிறகு

நாற்பத்து நான்காம் வயதில் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொண்டேன். அதில் என் பெயருக்குக் கீழே ‘இளம் ஆய்வாளர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். பதிவு மேசையிலிருந்த மாணவி என் முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மேடம், நீங்க அமர்வுத் தலைவரா?” என்று கேட்டாள். இல்லை, கட்டுரை வாசிக்க வந்திருக்கிறேன் என்றேன். தமிழ் முதுகலை முடித்து, சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் பாடம் நடத்திய பிறகு பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தவளை வேறு எப்படித்தான் அழைப்பார்கள்?

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகளாவது வாசித்திருக்க வேண்டும் என்பது நான் பதிவு செய்திருந்த இடத்தின் விதி. ஒன்று முடிந்திருந்தது. இரண்டாவதற்கு வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான் 2025 ஏப்ரலில் உதகையில் நீடித்த சுற்றுலா குறித்து இரண்டு நாள் கருத்தரங்கம் நடைபெறும் அறிவிப்பு வந்தது. “உங்கள் தலைப்பு ஆற்றுப்படைதானே அம்மா, வழிகாட்டும் இலக்கியம். அதைவிடச் சுற்றுலாவுக்குப் பொருத்தமானது உண்டா?” என்றார் நெறியாளர். நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த கட்டுரையின் பெயர் ‘மலைபடுகடாமில் வழியும் விருந்தும்’. அதை ‘மலைபடுகடாமில் நீடித்த சுற்றுலா’ என்று மாற்றினேன். உள்ளே இரண்டு பத்திகளைச் சேர்த்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது.

மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் ஏறினேன். கல்லாற்றில் கார்களையும் வேன்களையும் நிறுத்தி இ-பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் வந்த நடைமுறை அது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் முடிய நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்திருந்தார்கள். அரசுப் பேருந்துகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எங்கள் வண்டி வரிசையைக் கடந்து மேலே ஏறியபோது, எண்ணிக்கையில் சேராத விருந்தினராக மலைக்குப் போவதில் எனக்குச் சிறு பெருமைகூட இருந்தது.

கருத்தரங்கம் கருத்தரங்கங்களைப் போலவே தொடங்கியது. குத்துவிளக்கு, பொன்னாடைகள், நினைவுப் பரிசுகள். கட்டுரைகள் எவையும் வாசிக்கப்படுவதற்கு முன்பே அவற்றின் தொகுப்பு நூல் மேடையில் வெளியிடப்பட்டது. ஆனால் காலை அமர்வில் உண்மையாகவே கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் இடத்தின் தாங்குதிறனை எப்படிக் கணக்கிடுவது என்று ஒருவர் விளக்கினார். 1992இல் சிஃபுவென்டஸ் என்பவர் வகுத்த முறை அது. முதலில் அந்தப் பரப்பில் எத்தனை பேர் நிற்க முடியும் என்று பார்க்க வேண்டும். பிறகு மழை, மண்ணரிப்பு, காட்டுயிர்களின் தொந்தரவு போன்ற ஒவ்வொரு காரணத்துக்கும் அதிலிருந்து குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியாக, அந்த இடத்தைப் பேணுவதற்கான ஆளும் பொருளும் எவ்வளவு உண்டோ அதற்கேற்ப இன்னும் குறைக்க வேண்டும். ஒரு மலையின் முன் பெருக்கிப் பார்க்காமல் கழித்துக்கொண்டே வருகிற கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

இன்னொருவர், ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு 2005இல் தந்த விளக்கத்தைத் திரையில் காட்டினார். வருகையாளர், தொழில், சுற்றுச்சூழல், வருகையை ஏற்கும் மக்கள் ஆகிய நான்கு தரப்பின் தேவைகளும் கருதப்பட வேண்டும் என்கிறது அது. நான்காவது தரப்பு அந்த அரங்கில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிற்பகலில் என் முறை வந்தது. பத்து நிமிடம் என்றிருந்தது ஆறாகக் குறைந்திருந்தது. பத்துப்பாட்டில் 583 அடிகள் கொண்ட மலைபடுகடாமைக் கூத்தராற்றுப்படை என்றும் சொல்வார்கள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். செங்கண்மாவிலிருந்து ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், பார்த்து நட. தினைப்புனத்தில் யானையை விரட்ட எறியும் கவண்கல் வரும், மரத்தின் மறைவில் போ. பாம்புகள் உண்டு, வழுக்கும் இடங்கள் உண்டு. நன்னனிடம் செல்கிறோம் என்று சொன்னால் மலைமக்கள் உங்களை உறவினராக நடத்தித் தினைச்சோறும் இறைச்சியும் மூங்கில் குழாயில் முற்றிய தேறலும் தருவார்கள். இவ்வளவையும் விரைந்து சொல்லிவிட்டு, நீடித்த சுற்றுலாவின் கூறுகள் அனைத்தும் சங்க காலத்திலேயே நம்மிடம் இருந்தன என்று முடித்தேன். கைதட்டினார்கள். அமர்வுத் தலைவர், உலகம் இன்று தேடுவதை நாம் அன்றே கண்டுவிட்டோம் என்று அகமகிழ்ந்தார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். முதுகலை மாணவியாக இருக்கலாம். “மேடம், அந்தக் கூத்தர்கள் சாப்பிட்டுட்டுப் போனதுக்கு அப்புறம், மறுநாள் அந்த வீட்ல என்ன சாப்பிட்டாங்கன்னு பாட்டுல வருதா?” என்றாள்.

அரங்கில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். நல்ல கேள்வி, ஆராயப்பட வேண்டியது என்றேன். பதில் இல்லாத ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் அது. வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அமர்வுத் தலைவர் தேநீருக்கு நேரமாயிற்று என்றார்.

தேநீர் இடைவேளையில் அவளே வந்தாள். “கிண்டலுக்குக் கேக்கல மேடம், தப்பா எடுத்துக்காதீங்க” என்று தொடங்கினாள். அவள் உள்ளூர்ப் பெண். அம்மா ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிறார். “சீசன் வந்தா எங்க தெருவுல பத்து நாளைக்கு ஒருக்காதான் குழாயில தண்ணி. அம்மா அங்க முப்பது ரூமுக்குச் சுடுதண்ணி வருதான்னு பார்த்துட்டு, வீட்டுக்கு வந்து குடத்தை எண்ணுவாங்க. காலையில கணக்கு சொன்னாரே ஒரு சார், அதுல எங்க தெரு எந்த வரியில வரும்னு கேக்கணும்னு நினைச்சேன். இங்கிலீஷ்ல கேக்க வரல. நீங்க தமிழ்ல பேசுனீங்க, அதான் உங்ககிட்ட கேட்டேன்.”

அன்றிரவு அறையில் மலைபடுகடாமை எடுத்து வைத்துக்கொண்டேன். பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை முறை நடத்திய பாடம்! இப்போது ஒரே ஒரு செய்திக்காகத் தேடினேன். கிடைக்கவில்லை. பாட்டு, விருந்தினனோடு நடக்கிறது. அவன் சிறுகுடிக்குள் நுழையும்போது நுழைகிறது; அவன் உண்ணும்போது அருகில் நிற்கிறது; அவன் கிளம்பியதும் தானும் கிளம்பிவிடுகிறது. அந்த வீட்டுக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது புலவரின் குறை ஆகாது. பாட்டின் இலக்கு நன்னன். வழியிலுள்ள வீடு வழியில் உள்ள வீடுதான். ஆனால் பாட்டின் கண்ணையே என் கண்ணாகக் கொண்டுவிட்டு, வீட்டைப் பற்றியும் பேசிவிட்டதாக நான் நினைத்தது என் குறை.

வேறொன்றையும் அன்று கண்டேன். அங்கே விருந்தினனே ஏழை. சுற்றத்தோடு பசித்து வருகிறான். வீட்டுக்காரர் தன் நிலத்தில் நின்று தருகிறார். தருவது தாம் உண்பதையே. தாம் விளைத்த தினை, தாம் வேட்டையாடிய இறைச்சி. விருந்தினனுக்கென்று தனி அடுப்பு இல்லை, தனித் தண்ணீர் இல்லை. இன்றைய சுற்றுலாவில் பணம் விருந்தினன் கையில் இருக்கிறது; வீட்டுக்காரி கூலிக்கு அறை பெருக்குகிறாள். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தது ஆய்வு அன்று. தலைப்புக்காக நான் செய்த வேலை.

மறுநாள் அமைப்பாளரிடம் சென்று, கட்டுரையின் தலைப்பையும் முடிவுரையையும் மாற்ற வேண்டும் என்றேன். அவர் கனிவாகவே பேசினார். “புத்தகம் நேத்தே வெளியிட்டாச்சே அம்மா. உங்க கட்டுரையைத்தான் எல்லாரும் பாராட்டினாங்க. எதுக்கு மாத்தணும்?” சான்றிதழைக் கையில் கொடுத்தார்.

அந்தச் சான்றிதழை விதிக்கான இரண்டாவது கட்டுரையாக நான் காட்டவில்லை. நெறியாளருக்கு வருத்தம். “இந்த வயசுல இன்னும் ஆறு மாசம் தள்ளிப்போடணுமா?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். முனைவர் பட்டம் வந்தால் ஊதியத்தில் சில ஆயிரங்கள் கூடும்; எங்களுக்கு அது சிறிய தொகை அன்று. ஆனாலும் நீட்டிப்புக்கு விண்ணப்பித்தேன். இயலைத் திரும்ப எழுதுகிறேன். பழைய தலைப்பே இருக்கிறது: வழியும் விருந்தும். முன்பு விருந்து என்ற பகுதியில் என்னென்ன பரிமாறப்பட்டன என்று பட்டியலிட்டிருந்தேன். இப்போது யார் பரிமாறினார்கள், எதிலிருந்து எடுத்துப் பரிமாறினார்கள் என்று பார்க்கிறேன். நான்கு பக்கங்கள் தேறியிருக்கின்றன.

தொகுப்பு நூல் நூலகங்களுக்குப் போயிருக்கும். என் கட்டுரையை யாரேனும் மேற்கோள் காட்டவும் கூடும். அதைத் தடுக்க எனக்கு வழியில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அவள் கேள்வியை இயலின் முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறேன். யார் கேட்டது என்று அடிக்குறிப்பிட முடியாமல் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.