பெறப்பட்ட புகார்கள்: இல்லை

நவி மும்பையில் ஒரு கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவுக்குப் பல வருடங்கள் நான்தான் தலைவர். ஆசிரியர் அறையில் அதற்குத் 'தக்ரார் கமிட்டி', அதாவது புகார்க் குழு, என்று பெயர். ஆண்டு முடிவில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அறிக்கை ஒரே பக்கம்தான். பெறப்பட்ட புகார்கள்: இல்லை. தீர்க்கப்பட்டவை: இல்லை. நிலுவை: இல்லை. தர மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

அறிக்கையில் பொய் கிடையாது. எழுத்தில் ஒரு புகாரும் வரவில்லை. வாய்வார்த்தையாக வந்தவை எழுத்தாகிவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான். அந்த வேலையில் கெட்டிக்காரனாகவும் இருந்தேன். அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

செய்முறை எளிது. புகாரோடு வரும் பிள்ளையை நிற்கவைத்துப் பேசக் கூடாது, உட்காரச் சொல்ல வேண்டும். முழுக்கக் கேட்க வேண்டும். நடுவில் ஒருமுறை "அடப் பாவமே" என்று சொல்ல வேண்டும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எழுதிக் கொடுத்துட்டா அது ரெக்கார்டு ஆயிடும், யோசிச்சுக்கோ" என்றால் போதும். ரெக்கார்டு என்றதும் அது தன் மேல் விழப்போகிற கறை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது எங்கள் மேல் விழும் கேள்வி. மராத்திப் பிள்ளைகளிடம் மராத்தியில் பேசுவேன், தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழில். தமிழ்தான் சீக்கிரம் பலித்தது.

அப்படிப் பலித்த ஒன்றைச் சொல்கிறேன். ஐரோலி சிஞ்ச்பாடாவில் குடியிருந்த பெண். தாராவியிலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பம், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா மைண்ட்ஸ்பேஸ் ஐ.டி. பார்க் ஓரமாகச் சைக்கிளில் இட்லி விற்பவர். அவள் சுயநிதிப் பிரிவில் வணிகம் தொடர்பான பட்டப்படிப்பு படித்தாள். ஒவ்வொரு தாளுக்கும் எழுத்துத் தேர்வு 75, இன்டர்னல் 25. இரண்டிலும் தனித்தனியே 40 சதவீதம் எடுக்க வேண்டும். இன்டர்னலில் 10 வராவிட்டால், எழுத்துத் தேர்வில் 60 வாங்கினாலும் அந்தத் தாள் கே.டி., அதாவது மறுபடி எழுத வேண்டிய பாக்கிதான். அவளுக்கு ஒரு தாளில் இன்டர்னலுக்கு நேராக 'ஆப்சென்ட்' என்று வந்திருந்தது.

எழுதினேன் என்றாள். எந்த அறை, பக்கத்தில் யார், எந்தக் கேள்வியை விட்டாள் என்பது வரை சொன்னாள். மடித்து வைத்திருந்த மனுவை நீட்டினாள். அதைப் பிரிக்காமலே மேசை மேல் வைத்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தேன்.

"நம்ம பிள்ளைங்கறதால சொல்றேம்மா. அந்த சார் மேல எழுத்துல குடுத்தா, மிச்ச செமஸ்டரெல்லாம் அவர்கிட்டதான் படிக்கணும். நான் பேசிக்கிறேன். நீ படிப்பைப் பாரு."

"சரி சார்" என்று மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பேசவும் செய்தேன். டீ நேரத்தில் அந்தத் தாளின் ஆசிரியரிடம் கேட்டேன். "வந்திருந்தா பேப்பர் இருக்குமே சார்" என்றார். பேப்பர் தொலைந்திருக்கலாம் அல்லவா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. தேர்வு அறையில் ஒவ்வொருவரும் வருகைத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். அறைக் கண்காணிப்பாளரான ஜூனியர் சூப்பர்வைசர் அதை எண்ணிச் சரிபார்த்துத் தேர்வுப் பிரிவில் ஒப்படைப்பார். அந்த அலமாரி என் அறையிலிருந்து நாலு எட்டு தூரத்தில் இருந்தது. போய்ப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். நான் போகவில்லை. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அந்தத் தாள்கள் மற்றவற்றோடு பழைய பேப்பர் கடைக்குப் போயின. அவள் கையெழுத்து அதில் இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சொன்னது தவறாகவும் இருந்திருக்கலாம். எது உண்மை என்று பார்ப்பது ஒன்றுதான் என் வேலை, அதை நான் செய்யவில்லை.

அவளுடைய அப்பாவும் ஒருநாள் வந்தார். "எழுதுனேன்னு சொல்லுதா சார். பொய் சொல்லுத புள்ள இல்ல."

"தெரியும்ணே. ஆனா சிஸ்டத்துல அப்படி ஏறிப்போச்சு. அடுத்த தடவை எழுதி கிளியர் பண்ணிடட்டும்."

"நீங்க சொன்னா சரிதான் சார்."

சிஸ்டத்தில் தப்பாக ஏறியதை இறக்குவதற்குத்தான் எங்கள் குழுவே இருக்கிறது என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அவள் மறுபடி எழுதித் தேறினாள். ஆனால் அதற்குள் வளாகத் தேர்வுக்குக் கம்பெனிக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். கே.டி. இல்லாதவர்கள் மட்டும் என்பது அவர்கள் நிபந்தனை. பட்டியலில் அவள் பெயர் ஏறவில்லை. வேலை கிடைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வரிசையில் நிற்கும் உரிமை போயிற்று, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு வந்தது 2017. மும்பைப் பல்கலைக்கழகம் அந்தக் கோடைத் தேர்வின் விடைத்தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்துவது என்று முடிவெடுத்தது. 17 லட்சத்துக்கு மேற்பட்ட விடைத்தாள்கள், 477 தேர்வுகள். ஏற்பாடுகள் முடியும் முன்பே தேர்வுகள் முடிந்துவிட்டன. மகாராஷ்டிரப் பொதுப் பல்கலைக்கழகங்கள் சட்டம் 2016-இன்படி முடிவுகள் 30 நாளில், எப்படியும் 45 நாளுக்குள் வர வேண்டும். வரவில்லை. வேந்தரான ஆளுநர் வித்யாசாகர் ராவ் ஜூலை 31 என்று கெடு வைத்தார். அதுவும் தாண்டியது. கடைசி முடிவுகள் வெளியாகும்போது செப்டம்பர் பாதி கடந்துவிட்டது. முதுகலை இடம் போனவர்கள், வெளிநாட்டுச் சேர்க்கை தவறியவர்கள், விடைத்தாளே காணவில்லை என்று கேட்டவர்கள் என்று செய்தித்தாள்கள் நிரம்பின. மாணவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அக்டோபர் 24 அன்று துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் பதவிநீக்கம் செய்யப்பட்டார். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் அதுவரை யாருக்கும் நடக்காதது அது.

அந்த மாதங்களில் ஐரோலியிலிருந்து தானே போகும் ரயிலில், வீட்டுச் சங்கக் கூட்டத்தில், ஆசிரியர் அறையில், எங்கும் என் குரல்தான் ஓங்கி ஒலித்தது. பிள்ளைகளின் எதிர்காலத்தோடு விளையாடலாமா என்று கேட்டேன். பொறுப்பேற்காதவர்களுக்கு நாற்காலி எதற்கு என்று கேட்டேன். ஒரு விடைத்தாளைத் தொலைத்துவிட்டுப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்குவது எவ்வளவு பெரிய அநியாயம் என்றும் பேசினேன். பேசும்போது சிஞ்ச்பாடாப் பெண்ணின் நினைவு ஒரு கணம்கூட வரவில்லை. வந்து, மறைத்தேன் என்றால்கூடக் கொஞ்சம் மானம் மிஞ்சும்.

லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் அநியாயம் நடந்தால் ஆளுநர் வருவார், நீதிமன்றம் வரும், பத்திரிகை வரும். ஒரே ஒரு பிள்ளைக்கு, ஒரே ஒரு தாளில் நடந்தால் யார் வருவார்கள்? அந்த ஒருத்திக்காகத்தான் குறைதீர்ப்புக் குழு என்று ஒன்றைச் சட்டம் வைத்திருக்கிறது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த ஆசிரியரோடு தினமும் ஒரே மேசையில் சாப்பாட்டு டப்பா திறக்க வேண்டும். புகார் எழுத்தில் வந்தால் கூட்டம் போட வேண்டும், இருவரையும் அழைக்க வேண்டும், நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும், முதல்வர் முகம் சுளிப்பார். 'இல்லை' என்று எழுதுவது அழகாகவும் இருந்தது. இதற்கெல்லாம் மேலே, நான் அவளுக்கு நல்லது செய்வதாகவே நம்பினேன். வெளியூர் பிழைக்க வந்தவர்கள், வம்பு வேண்டாம், நாலு பேரிடம் நல்ல பெயரோடு போகட்டும் என்ற எங்கள் தலைமுறையின் புத்தி. அந்தப் புத்தி என்னைக் காப்பாற்றியது, அவளுக்கு உதவவில்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் விதிகளை முழுசாகப் படித்தேன். தலைவராக இருந்தபோது படித்திருக்க வேண்டியவை.

விடைத்தாளைப் பார்ப்பது ஒன்று, மறுமதிப்பீடு கேட்பது வேறொன்று. மகாராஷ்டிரத் தேர்வு வாரிய வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம், விதியில் இடமில்லாதபோது மறுமதிப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. அந்த நிலை மாறவில்லை. ஆனால் 2011 ஆகஸ்டில் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் அதே நீதிமன்றம், திருத்திய விடைத்தாள் தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு தகவல்தான், எழுதியவர் அதைப் பார்க்கவும் நகல் வாங்கவும் உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. மகாராஷ்டிரத்தில் அரசு அலுவலகங்களிலும் பல்கலைக்கழகத்திலும் அதற்கான மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அவள் வந்தபோது இந்தத் தீர்ப்பு வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. 'என் விடைத்தாளைக் காட்டுங்கள் என்று கேள்' என்று ஒரு வரி நான் சொல்லியிருந்தால், தாள் இருக்கிறதா தொலைந்ததா என்பது அன்றே தெரிந்திருக்கும்.

இப்போது நடப்பில் இருப்பவை 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள். முடிவுகள் தாமதமாவது, மதிப்பீடு ஒளிவுமறைவாகவோ நியாயமற்றோ நடப்பது, சான்றிதழைப் பிடித்துவைப்பது, பாகுபாடு காட்டுவது எல்லாம் அதன்படி புகாருக்குரியவை. குழு 15 வேலைநாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அதன் நகல் மாணவருக்கும் வர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ மாவட்ட நீதிபதியோ அந்தப் பொறுப்பில் இருப்பார். அவர் 30 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும். ஒன்று கவனிக்க வேண்டும். 'மதிப்பெண் குறைவாக வந்திருக்கிறது, கூட்டிப் பாருங்கள்' என்று மட்டும் போனால் அவர் எடுக்க மாட்டார். முடிவையே மாற்றிய குறிப்பான முறைகேட்டையோ பாகுபாட்டையோ காட்ட வேண்டும். தேர்வு எழுதியவரை வரவில்லை என்று போட்டது அப்படிப்பட்ட முறைகேடுதான்.

நல்ல விதிகள். ஆனாலும் நான் இன்று அதே நாற்காலியில் இருந்தால் இவை என்னைத் தடுக்காது. குழுவில் இருப்பவர்கள் அதே நிறுவனத்துப் பேராசிரியர்கள். மாணவர் பிரதிநிதி சிறப்பு அழைப்பாளர் மட்டுமே. 15 நாள் கணக்கெல்லாம் புகார் பதிவான பிறகுதான் ஓடத் தொடங்கும். நான் வேலை பார்த்த இடம் அதற்கு முன்னால்.

ஆகவே என்னைப் போன்றவர்களிடம் மாட்டும் பிள்ளைகளுக்கு, உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாங்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், பிறகு டீ குடியுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் அலுவலகத்தின் இன்வர்ட் எண்ணும் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். இணையப் பதிவு இருந்தால் அதிலும் போடுங்கள். 'நியாயம் வேண்டும்' என்று எழுதாதீர்கள், எந்தத் தேதி, எந்த அறை, எந்தத் தாள், எந்த ஆவணத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். வருகைத் தாளும் விடைத்தாளும் குறிப்பிட்ட காலம்தான் இருக்கும், அதனால் நாளைக் கடத்தாதீர்கள். "நான் பேசிக்கிறேன்" என்று யாராவது சொன்னால், அன்று மாலையே "நீங்கள் பேசுவதாகச் சொன்னீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இதில் எதைச் செய்திருந்தாலும் நான் மாட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. பழைய மாணவர்கள் மூலம் எண் வாங்குவது கஷ்டமில்லை. "அந்த வருகைத் தாளைப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டுவிடுவாள் என்ற பயம். பெயர் போடாமல் இதை எழுதுவதும் அந்தப் பயத்தில் ஒரு பங்குதான், இதைப் பெருந்தன்மையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கப்போகும் பெற்றோர், கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு எல்லாம் விசாரிக்கிறீர்கள். போன வருடம் எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்ந்தது என்றும் கேளுங்கள். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை என்று பெருமையாகச் சொன்னால், புகார் வாங்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.