தைத்தேனியமும் கத்திப் பட்டறையும்

புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைற்றுத் தாதுவாகக் கிடக்கும் உலோகம், ஒரு சிறு தகடாக எமது கைக்குக் கிடைக்கக் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. மடக்குக் கத்தி ஒன்றுக்குக் கைபிடி செய்வதே எமது நோக்கம். உருக்கை அறிந்த கைக்கு இதுவும் வசப்படும் என்ற இறுமாப்புடன் தகட்டை மேசையில் இறுக்கி, துளைப்பொறியை உருக்குக்குரிய வேகத்திலேயே ஓட்டினோம். சில கணங்களில் துளைமுனை கருகி மழுங்கியது. தகட்டில் எஞ்சியது ஒரு பள்ளந்தான்.

குற்றம் உலோகத்தினுடையதன்று. தைத்தேனியம் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. வெட்டும்போது எழும் சூடு கருவியின் விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. அஞ்சி மெல்ல உரசவிட்டாலோ கருவி வெட்டாது, தேய்க்கும். தேய்ந்த மேற்பரப்பு மேலும் இறுகும். எனவே கூரிய தங்குதன் காபைட்டு முனை, குறைந்த வேகம், தளராத அழுத்தம், தாராளமான வெட்டெண்ணெய் ஆகியவற்றையே முதலில் தேடவேண்டும். விலையுயர்ந்த பொறி அதன் பின்னர்தான். (பொறி விற்போர் இவ்வரிசையை விரும்பார்.) வேகத்தைக் குறைத்தோம், இரண்டாவது துளையில் சீவல் சுருண்டு வந்தது.

தைத்தேனியத்தில் நல்ல கூர் நிலைக்காது. ஆதலால் அலகு உருக்காகவே இருக்கும். ஆயினும் அதன் நெகிழ்திறன் வேறொரு பணிக்கு உதவுகிறது. தென்னாபிரிக்காவில் தொழிலைத் தொடங்கி, 1989 இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்குப் பெயர்ந்த கிறிஸ் ரீவ் என்பவர், கைபிடித் தகட்டின் ஒரு பகுதியையே வில்லாக்கி அலகைப் பூட்டும் முறையை வகுத்தார். அக்கத்தியின் பெயர் ‘செபென்சா’. சூலு மொழியில் ‘வேலை’ என்பது அதன் பொருள். நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கிப் பேழையிற் பூட்டி வைப்போரிடமும் அப்பெயர்தான் இருக்கிறது.

வேலையின் ஆபத்து சாணையில் இருக்கிறது. தைத்தேனியத்தைத் தீட்டும்போது கண்ணைப் பறிக்கும் வெண்பொறிகள் பறக்கும். அதன் நுண்தூள் தீப்பற்றக்கூடியது. அதே சாணையில் பின்னர் உருக்கைத் தீட்டினால் ஒரு பொறி போதும். பற்றிய தீயில் நீரூற்றினால் அது மேலும் சீறும்; உலர்ந்த மணலே வேண்டும். இவையெல்லாம் தெரிந்த தொழிலாளிதான். ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவன், தூளைக் கூட்டும் நேரத்துக்கு எவரிடம் கூலி கேட்பான்?

எமது பட்டறையில் இன்று இரண்டு உலோகங்களுக்கும் வெவ்வேறு சாணைகள். மாலையில் தூளைக் கூட்டி, மூடியிட்ட தகரப் பெட்டியில் வெளியே வைத்த பின்னரே விளக்கை அணைக்கிறோம். அந்தக் கால்மணி நேரத்தையும் கத்தியின் விலையில் எழுதுகிறோம். ஏனென்று கேட்பவருக்குத் தகரப் பெட்டியைக் காட்டுகிறோம்.