வாமனனுக்குக் கண் எழுதிய கதை

மரைன் ஹில் ஏற்றத்தில் குடியிருப்போர்க்கு இரண்டு செல்வங்கள் குறைவின்றிக் கிட்டும். ஒன்று கடற்காற்று, மற்றொன்று பூஞ்சணம். போர்ட் பிளேயர் என நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்நகரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. இங்கே செருப்பு பூக்கும். புத்தக அட்டை பூக்கும். அலுவலகக் கோப்பின் நாடாவும் பூக்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்ட நாம், 2025 ஆம் ஆண்டு நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னர்க் கொலுப் பெட்டியைத் திறந்தபோது, நம் அன்னையாரின் வாமனனும் பூத்திருக்கக் கண்டு திடுக்கிட்டோம்.

நான்கு விரற்கடை உயரமே உடையவன் அவன். மதுரையை அடுத்த விளாச்சேரியில், பொம்மை செய்வதையே குலத்தொழிலாகக் கொண்ட வேளார் ஒருவர் கையில் உருப்பெற்றவன். அன்னையார் மணமுடித்த ஆண்டில் பாட்டியார் சீராக அளித்த தசாவதார வரிசையில் ஐந்தாமவன். நமக்கு இத்தீவிற்கு மாற்றல் வந்தபோது, சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பற் பயணத்தில் அப்பெட்டியைச் சரக்கறைக்கு அனுப்ப அன்னையார் இசையவில்லை. தம் படுக்கையின் காலடியிலேயே வைத்துக் காத்து வந்தார். கப்பல் ஆடிய ஆட்டத்தில் நாம் தலைதூக்க மாட்டாமல் கிடக்க, அவரோ பெட்டியின் மீது ஒரு கை வைத்தபடியே உறங்கினார்.

அத்தகைய பொம்மையை நாம் ஈரத் துணியால் துடைத்தோம். அறியாமை என்று சொல்லித் தப்புவதற்கில்லை. அவசரம் என்பதே உண்மை. பழைய மண்பொம்மைகளைச் சூளையில் சுட்டு, வெள்ளை பூசி, அதன்மேல் பசையில் குழைத்த வண்ணத்தைத் தீட்டுவார்கள். அந்தப் பசைதான் பூஞ்சணத்திற்கு உணவு. தண்ணீருக்கு இளகுவதும் அதுவே. ஒரு துடைப்பில் பூஞ்சணம் போயிற்று. மறு துடைப்பில் திருமண் போயிற்று, புருவம் போயிற்று, இரு கண்களும் போயின. குடை பிடித்த கையும் மணிக்கட்டோடு ஒடிந்து நம் மடியில் விழுந்தது. அன்னையார் உள்ளே பகலுறக்கத்தில் இருந்தார். வலக்கண்ணுக்கு அறுவை முடிந்து, இடக்கண் இன்னும் திரை விழுந்த நிலையில் இருந்தவர் அவர். 'அவருக்கு எங்கே தெரியப் போகிறது' என்று ஒரு கணம் நம் மனம் எண்ணியதையும் இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

அன்றிரவு சென்னையிலுள்ள நம் சகோதரியின் மகனைத் தொலைபேசியில் அழைத்தோம். 1974 இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மாயக்கதை விளையாட்டில் ஈடுபாடு கொண்ட இளைஞன் அவன். மேசைமீது பூதங்களையும் மந்திரவாதிகளையும் நிறுத்தி ஆடுவதும், ஓர் அங்குலத்தைச் சற்றே மிஞ்சும் அவ்வுருவங்களுக்கு இரவெல்லாம் வண்ணம் தீட்டுவதுமே அவன் பொழுதுபோக்கு. "வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இது என்ன பொம்மை விளையாட்டு" என்று நாம் பலமுறை கடிந்ததுண்டு. எச்.ஜி.வெல்ஸ் என்னும் பேரெழுத்தாளரே பொம்மைப் போர்வீரர்களை வைத்து ஆடும் விளையாட்டிற்கு 1913 இல் ஒரு விதிநூல் எழுதினார் என்று அவன் அப்போதெல்லாம் வாதிடுவான். இப்போது நாம் மாணவர், அவன் ஆசான்.

"மாமா, பொம்மையைக் கையில பிடிக்காதீங்க. மூடியில மெழுகு வச்சு நிறுத்தி, மூடியைப் பிடிங்க" என்றான். வண்ணத்தைத் தடித்து ஒருமுறை பூசாமல், நீர்க்க இருமுறை பூச வேண்டுமாம். ஆடை மடிப்புகளில் கருஞ்சாயத்தை மிக நீர்க்க ஓடவிட்டால், அது பள்ளங்களில் தங்கி நிழலாகிவிடுமாம். கண்ணுக்கு முதலில் கரிய கோடு, அதனுள் வெள்ளை, இறுதியில் மணி. "மணி மேலிமையைத் தொட்டு நிக்கணும் மாமா. நடுவுல நின்னா பேயைப் பார்த்த மாதிரி முழிக்கும்."

ஞாயிறன்று அபர்தீன் கடைவீதியில் வண்ணக் குப்பிகளும் மிக நுண்ணிய தூரிகை ஒன்றும் வாங்கினோம். கையை அரால்டைட் கொண்டு ஒட்டினோம். குடைக்காம்பு தூளாகிப் போயிருந்ததால் தென்னை ஈர்க்கைச் சீவிச் செருகினோம். இத்தீவில் அதற்குப் பஞ்சமில்லை. முகம் மட்டும் வெறுமையாகவே நின்றது. திங்களன்று அவனைச் சோற்றுப் பாத்திரத்தின் மேலடுக்கில் வைத்து அலுவலகத்திற்கே கொண்டு சென்றோம். அடுத்த மேசை நண்பர் வங்காளி. 1949 முதல் இங்குக் குடியேற்றப்பட்ட அகதிக் குடும்பங்களுள் ஒன்றின் வழிவந்தவர். துர்க்கைச் சிலைக்கு மகாளய நாளில் கண் எழுதும் தம் மரபைக் கூறி, "அன்றைக்கே எழுதுங்கள், மூச்சை அடக்காமல், வெளியே விட்டபடி எழுதுங்கள்" என்றார் இந்தியில்.

மகாளய அமாவாசை 21 ஆம் தேதி, ஞாயிறு. அன்று மாலையே படி கட்ட வேண்டும். இங்கோ ஐந்தேகால் மணியளவில் கதிரவன் மறைந்துவிடுவான். மழை மூட்டம் இருந்தால் நான்கு மணிக்கே எழுத்துத் தெரியாது. பகலுணவு முடிந்ததும் சன்னலோரம் அமர்ந்தோம். இருபது ஆண்டுகள் கோப்புகளில் குறிப்பெழுதித் தழும்பேறிய விரல், எள்ளளவு இடத்தில் ஒரு புள்ளி வைக்க நடுங்கிற்று. முதன்முறை பேயைக் கண்டவன் போல் விழித்தான். துடைத்தோம். மறுமுறை ஒரு கண் கடலையும் மறு கண் சமையலறையையும் நோக்கிற்று. "ஏங்க, அத்தை எழுந்திட்டாங்க" என்று இல்லாள் எச்சரித்தபோது மூன்றாம் முறையின் இரண்டாம் கண்மணி மட்டுமே எஞ்சியிருந்தது. மூச்சை விட்டோம், வைத்தோம்.

மறைக்க எண்ணியவர்தாம் நாம். ஆயினும் அன்னையார் கையை நீட்டியதும் நடந்ததனைத்தையும் சொல்லிவிட்டோம், சோற்றுப் பாத்திரம் உட்பட. அவர் கண்ணாடியை அணிந்து, சன்னலருகே பொம்மையைப் பிடித்து, வலக்கண்ணின் அருகே கொண்டுசென்று வெகுநேரம் பார்த்தார். ஈர்க்குக் காம்பை விரலால் தடவினார்.

"மூக்கு மட்டும் எங்கம்மா குடுத்தது" என்றார்.

"மத்ததெல்லாம்?" என்று கேட்டோம்.

"மத்ததெல்லாம் லீவு கேட்டு நிக்கிற குமாஸ்தா மாதிரி இருக்குடா."

இல்லாள் சிரித்துவிட்டாள். அன்னையார் சிரிக்கவில்லை. நரசிம்மருக்கும் பரசுராமருக்கும் இடையில் அவனை நிறுத்தி, இரண்டு முறை இடம் மாற்றி, சற்றே பக்கவாட்டில் திருப்பி வைத்தார். அந்த ஒன்பது நாளும் சுண்டல் வாங்க வந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒவ்வோர் அவதாரமாகக் கூறி வந்தவர், ஐந்தாவதை மட்டும் "இது வாமனன்" என்று சொல்லி உடனே அடுத்ததற்குப் போனார்.

கொலு எடுக்கும் நாளன்று பொம்மைகளைச் சுற்றுவதற்குப் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தோம். ஒன்பது அவதாரங்களை நம்மிடம் தந்தார். வாமனனைத் தாமே உலர்ந்த துணியில் மும்முறை சுற்றி, பெட்டியில் வைக்காமல், தம் தலையணைக்கு அருகிலுள்ள மாடத்தில் வைத்தார். இம்மழைக்காலம் முழுவதும் அவன் அங்கேதான் இருக்கிறான்; வாரம் ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கிறார். பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று நாமும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.