மேடையும் கடையும்

ஆடவன் ஒருவன் அரசியலிலும் கலையிலும் வாணிகத்திலும் ஈடுபட்டால் அவனைப் பல்துறை வல்லுநன் என்கின்றோம். அதனையே பெண்ணொருத்தி செய்தால் ஒன்றிலும் நிலைகொள்ளாதவள் என்று சொல்லி விடுகின்றோம். கமலாதேவி சட்டோபாத்தியாய அம்மையாரின் வாழ்வு இவ்வாறு துண்டு துண்டாகவே பேசப்பட்டு வந்துள்ளது. விடுதலைப் போராட்டத்தை எழுதுவோர் அவருடைய நடிப்பைத் தொடுவதில்லை. கைப்பணிகளைப் போற்றுவோருக்கு அவர் சமதர்ம அரசியல் வேண்டுவதில்லை. இத்துண்டுகளை இணைக்கும் இழை அவர் நடத்திய வாணிகமே என்பது என் எண்ணம்.

அவர் 1903 ஏப்ரல் 3ஆம் நாள் மங்களூரிற் பிறந்தவர். கலெக்டராயிருந்த தந்தையார் உயில் எழுதாது இறக்கவே, சொத்து முழுவதும் அவருடைய முன்தாரத்து மகனுக்குச் சென்றது. தமக்கென ஒதுக்கப்பட்ட மாதப்படியை ஏற்க மறுத்த தாயார் கிரிஜாபாய், தம் சீதனச் சொத்தைக் கொண்டே பெண்மக்களை வளர்த்தார். (சீதனத்தின் பொருளை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.) பெண்ணின் சுதந்திரம் பணப்பெட்டியின் திறவுகோலோடு தொடர்புடையது என்பதைக் கமலாதேவி நூல்களில் அன்று, வீட்டிலேயே கண்டிருப்பார். பதினான்காம் வயதில் மணமாகி ஈராண்டிற் கைம்பெண்ணான அவர், பின்னர் சென்னை இராணி மேரிக் கல்லூரியிற் பயின்று, சரோஜினி நாயுடுவின் தம்பியாகிய கவிஞர் ஹரீந்திரநாத்தை மணந்தார். பின்னாளில் அத்திருமணமும் முறிந்தது.

1926இல் மார்கரெட் கசின்ஸ் அம்மையாரின் தூண்டுதலால் சென்னைச் சட்டசபைக்குப் போட்டியிட்டு மிகச் சில வாக்குகளால் தோற்றார். அக்காலத்திலேயே கணவருடன் நாடக மேடையேறினார். நற்குடிப் பெண்டிர் மேடையேறுதல் இழுக்கு எனக் கருதப்பட்ட காலம் அது. பெண்வேடத்தையும் ஆடவரே புனைந்தனர். நமது கூத்துக் களரியிலும் அதுவே வழக்கமாயிருந்தது. பின்னர் மிருச்சகடிக நாடகத்தைத் தழுவிய மௌனப் படமொன்றிலும், 1943இல் சைகால் நடித்த ‘தான்சேன்’ முதலிய படங்களிலும் தோன்றினார். அவருடைய நடிப்பு ஈடிணையற்றது என நான் வாதிட வரவில்லை. ஆயினும் கூட்டத்தின் முன் கூசாது நிற்கும் பழக்கத்தை மேடை அவருக்கு ஈந்தது.

அப்பழக்கம் 1930இற் பயன்பட்டது. தண்டி யாத்திரைக்குக் காந்தியடிகள் தெரிந்தெடுத்த 78 பேரில் ஒரு பெண்ணும் இல்லை. கமலாதேவி அடிகளை நேரிற் கண்டு வாதாடி, உப்புப் போராட்டத்திற் பெண்களும் பங்குபற்ற இசைவு பெற்றார். பின்னர் பம்பாயில் உப்புக் காய்ச்சியதோடு அமையாது, அதனைப் பொட்டலங் கட்டி விற்கப் புறப்பட்டார். அவர் சென்ற இடம் பங்குச் சந்தை! கோடிகள் கைமாறும் அம்மண்டபத்துள் நுழைந்து, சட்டம் தடுத்த உப்பை ஏலங் கூறினார். நீதிமன்றத்திற்குச் சென்று நீதவானிடமே ‘சுதந்திர உப்பு’ வாங்குவீரோ என வினவினார். இதனை அரசியல் என்பதா, நாடகம் என்பதா, வாணிகம் என்பதா? வரி செலுத்தா உப்பைக் காசு கொடுத்து வாங்கியவனும் சட்டத்தை மீறியவனானான். கைதட்டிக் கலையும் கூட்டத்தை உடந்தையாக்கும் வித்தை அவ்விற்பனையில் இருந்தது. அதற்காக அவர் சிறை புகுந்தார்.

1936இற் காங்கிரஸ் சமதர்மக் கட்சியின் தலைவராயிருந்த அவர், மறு ஆண்டு நம் நாட்டிற்கும் வந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள், தமது முப்பத்து நான்காம் பிறந்தநாளன்று, சமசமாஜக் கட்சியார் நாவலப்பிட்டியிற் கூட்டிய கூட்டத்தில் ஏறத்தாழ 2,000 தோட்டத் தொழிலாளர் முன் பேசினார். அதே மேடையில் அறிமுகமான ஆஸ்திரேலியர் பிறேஸ்கேர்டிலை நாடுகடத்த அரசு ஆணையிட்டதும், உயர் நீதிமன்றம் அவரை விடுவித்ததும் வரலாறாயின. கமலாதேவி அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகி விட்டார்.

விடுதலைக்குப் பின் அவர் அமைச்சுப் பதவி எதையும் வகிக்கவில்லை. 1948இல் இந்தியக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, வடமேற்கு எல்லை மாகாணத்திலிருந்து பெயர்ந்துவந்த ஏறத்தாழ 50,000 அகதிகள் பரீதாபாத்தில் நிலைபெற உழைத்தார். 1952இல் அகில இந்தியக் கைப்பணிச் சபையின் தலைவரானார். தில்லிக் குடிசைக் கைத்தொழில் விற்பனை நிலையத்தின் பொறுப்பும் அவருடைய கூட்டுறவுச் சங்கத்திடம் வந்தது. போராளி ஒருவர் கடை நடத்துவதா எனச் சிலர் முகஞ் சுளிக்கலாம். நான் அவ்வாறு கருதவில்லை. என் அம்மம்மா முற்றத்திலிருந்து பனையோலைப் பெட்டி இழைப்பார். சார்வோலையை வெட்டிக் காயவைத்து, வார்ந்து, சாயமிட்டு, முடைந்து முடிப்பதற்குள் விரல்கள் வெடித்திருக்கும். விலையைச் சொல்பவரோ படலையடியில் நிற்கும் வியாபாரி. கமலாதேவி புகுந்தது அந்தப் படலையடியில்தான். முடைபவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நின்றவனை விலக்கி, அவ்விடத்திற் கூட்டுறவை நிறுத்த முயன்றார்.

முயற்சி முழுவதும் கைகூடிற்று என்பதற்கில்லை. கைப்பணிப் பொருள்கள் பெருநகர்ச் செல்வர் வீட்டு அலங்காரமாயின. அன்றாடம் புழங்கிய பெட்டியும் பாயும் பிளாஸ்டிக்கிடம் தோற்றன. நாவலப்பிட்டியில் அவர் பேச்சைக் கேட்டவர்களுக்கோ, விற்பதற்குத் தம் உழைப்பன்றி வேறு பண்டமே இருக்கவில்லை. கூட்டுறவுக் கடையால் அவர்கள் வறுமை தீர்ந்திராது. எனினும் ஊர் பேர் அறியாக் கைவினைஞர் பலருடைய பெயர், 1965 முதல் வழங்கப்பட்ட தேசிய விருதுகளால் நாடறிய வந்தது. தமது தன்வரலாற்றை 1986இல் வெளியிட்ட கமலாதேவி, 1988 ஒக்டோபர் 29ஆம் நாள் காலமானார்.